வெல்டாவின் நாற்பது பெட்டிகள்

வெல்டா ஸ்டாகெட், டெல்பர்ட் க்ராவின் மூக்கை ஒரு காப்பிக் கெண்டியால் உடைத்தாள். ஃபீனிக்ஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில், காலை எட்டு மணிக்கு, அறுபது பேர் பான்கேக் தின்றுகொண்டிருந்தபோது அது நடந்தது. எலும்பு முறிந்த ஓசை, கடைசி மேசையில் அமர்ந்திருந்த எனக்கும் கேட்டது. டெல்பர்ட் மண்டியிட்டு விழுந்தார். அவருடைய தட்டிலிருந்த பாகின்மேல் இரத்தம் சொட்டியது. வெல்டா மறுபடியும் கெண்டியை ஓங்கினாள். நான்கு பேர் சேர்ந்து அவள் கையைப் பிடித்தார்கள்.

அந்த அறுபது பேரும் பெட்டி தேடுவோர். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கேனும் ஒளித்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் இடுவார். மற்றவர்கள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தேடிச் சென்று, பெட்டிக்குள் இருக்கும் தாளில் தம் பெயரை எழுதி, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புவார்கள். பரிசு என்று எதுவும் இல்லை. ஆயினும், புதிய பெட்டி ஒன்று வந்திருப்பதாகக் கைப்பேசி மணியடித்துவிட்டால், அந்தத் தாளில் முதற்பெயர் தம்முடையதாக இருக்கவேண்டும் என்பதற்காக, வாயில் வைத்த கவளத்தை விழுங்காமலேயே ஓடுவோர் அவர்களுள் பலர்.

வெல்டாவின் கணவர் ஆர்லோ அப்படி ஓடியவர். அவர் கடைசியாகத் தேடி ஓடிய பெட்டியை ஒளித்துவைத்தவர் டெல்பர்ட்.

வெல்டா பிறந்தது ஒரு செம்புச் சுரங்க ஊரில். அவளுடைய தந்தை சுரங்கத்திலிருந்து வந்ததும் முதலில் இடைவாரைக் கழற்றுவார். பிறகுதான் காலணியைக் கழற்றுவார். பதினேழாம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் அந்த வாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நிலக்கரி அள்ளும் இரும்புக் கரண்டியால் அவருடைய முழங்காலில் அடித்தாள். அவர் எழுந்து நிற்பதற்குள் பேருந்து ஏறிவிட்டாள். அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு பெரிய மளிகைக் கடையின் இறைச்சிப் பிரிவில் வேலை. எலும்பறுக்கும் இயந்திரம் ஒருநாள் அவளுடைய இடக்கை விரல்கள் இரண்டின் நுனிகளைத் துண்டித்தது. அந்த நுனிகளைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு, தானே வண்டியோட்டி மருத்துவமனைக்குச் சென்றாள். நுனிகள் ஒட்டவில்லை.

ஆர்லோ பள்ளிப் பேருந்து ஓட்டுநர். குரலை உயர்த்தத் தெரியாதவர். வண்டிக்குள் புகுந்த குளவியைக்கூடத் தொப்பியில் ஏந்தி வெளியே விடுவார். அவளை ஒருமுறையும் அடிக்காத முதல் ஆண் அவர்தான் என்று வெல்டா என்னிடம் கூறியிருக்கிறாள்.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, அவருடைய கைப்பேசி மணியடித்தது. காப்பர் வாஷ் என்னும் வறண்ட ஓடைக்கு மேலே, பாறைச் சரிவில், புதிய பெட்டி. அன்று வெப்பம் நூற்றுப் பதினான்கு டிகிரி. அவர் ஒரே ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

மாலை நான்கு மணிக்கு மீட்புக் குழுவினரோடு சென்று அவரைக் கண்டெடுத்தவள் வெல்டா. சட்டையைத் தாமே கிழித்து எறிந்திருந்தார். நிழல் தேடிக் கற்றாழைப் புதருக்குள் ஊர்ந்திருந்ததால், தோளெங்கும் முட்கள். கன்னம் பாறைமேல் கிடந்தது. புரட்டியபோது கன்னத்தின் தோல் பாறையோடு நின்றுவிட்டது. முப்பது அடிக்கு மேலே இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். தாளின் முதல் வரியில் அவருடைய பெயரும், பதினொன்று நாற்பது என்று நேரமும் இருந்தன. கையெழுத்து சிறிதும் கோணவில்லை.

மூன்று வாரங்கள் கழித்து, அந்தப் பூங்காவில், டெல்பர்ட் அவளருகே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஆறுதல் என்று எண்ணி ஒன்று கூறினார்.

“வெல்டா, அவரு பேருதான் முதல்ல இருக்கு. அந்தச் சந்தோஷத்தோடதான் போயிருப்பாரு.”

அப்போதுதான் அவள் கெண்டியைத் தூக்கினாள்.

காவலர் வந்தபோது, “நானே மேசையில முட்டிக்கிட்டேன், சார்” என்று டெல்பர்ட் கூறிவிட்டார். மூக்கு இடப்புறமாகச் சாய்ந்தே ஆறியது.

அந்த இலையுதிர் காலத்தில், வெல்டா நகரத்து வீட்டை விற்றுவிட்டு, மலைமேல் டாலிவர் கிரீக் என்னும் ஊரில் என் மரவீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறினாள். நாங்கள் இருப்பது ஏழாயிரம் அடி உயரம். கீழே நகரம் வேகும் நாளில், இங்கே மாலையில் கம்பளிச் சட்டை வேண்டும். வந்த மறுநாள், என் அடுக்களையில் காட்டின் வரைபடத்தை விரித்துப் போட்டாள்.

“நீலா, இங்க பாரு. சுத்தி இருபது மைலுக்கு எத்தன பெட்டி தெரியுமா? ஒம்போது. ஒம்போதே ஒம்போது! அதுலயும் ரெண்டு தொலஞ்சு போச்சு. கீழ அந்த அடுப்புல எத்தன? ஆயிரக்கணக்குல.”

“அதற்கு என்ன செய்யப்போகிறாய்?” என்று கேட்டேன்.

“கீழ இருக்கிறவனுக்கு மணி அடிச்சா ஓடியே ஆவணும். அத நிறுத்த முடியாது. ஆர்லோவ நான் நிறுத்த முடிஞ்சுதா? ஓடுற எடத்த மாத்தலாம். அடுத்த ஜூலைக்கு முன்னாடி நாப்பது பெட்டி இங்க இருக்கணும். இல்லன்னா இன்னொருத்தன் சாவான்.”

அதன்பின் அவளுக்கு வேறு வாழ்க்கை இல்லை. நகரத்தில் நடந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் சென்று, எழுந்து நின்று, மலையில் பெட்டி வையுங்கள் என்று கேட்டாள். கேட்கத் தெரியாமல் அதட்டினாள். அவர்களும் விடவில்லை.

“அவ்வளவு தூரம் யாரு ஓட்டுறது? ரெண்டு மணி நேரமாவுமே!” என்றார் ஒரு தடித்த மனிதர்.

“ஓட்டு. வெயில்ல செத்தா, உன்னத் தேடிப் புடிச்சுத் தூக்கிட்டு வர ஆறு மணி நேரம் ஆவும். எனக்குத் தெரியும்.”

“வெக்கலன்னா மூக்க ஒடப்பியா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“கெண்டி வண்டியிலதான் இருக்கு. யாருடா அது, முன்னாடி வா!”

சிரித்தார்கள், கைதட்டினார்கள், யாரும் மலைக்கு வரவில்லை. ஆனால் பெட்டிகளைக் கொடுத்தார்கள். நிலக்கடலை வெண்ணெய் வரும் பிளாஸ்டிக் புட்டிகளைக் கழுவி, பச்சை வண்ணம் பூசி, மூடியை இறுக்கி ஒளித்துவைப்பது அந்தப் பாலைவனத்தில் அனைவரும் செய்வது. மூடி நன்றாகத் திருகிக்கொள்ளும், மழை இறங்காது. அப்படி முப்பத்தொரு புட்டிகள் சேர்ந்தன. ஆர்லோவின் பழைய சாமான்களில், இராணுவத்தார் தோட்டா வைத்திருந்த இரும்புப் பெட்டிகள் ஒன்பது இருந்தன. கூட்டினால் சரியாக நாற்பது.

வனத்துறை அலுவலகத்தில் அனுமதி கொடுப்பவர் ஓராலியா பெகே என்னும் இளம் அதிகாரி. “வையுங்க, மிஸஸ் ஸ்டாகெட்” என்றார் அவர். “ஆனா ஒரே ஒரு வம்பு வந்தாலும் நாப்பதையும் எடுக்கச் சொல்லுவேன். அப்பறம் எங்கிட்ட அழக் கூடாது.”

“நான் அழுது நீ பாத்ததில்லயே” என்றாள் வெல்டா.

ஏப்ரல் மாதம் முழுவதும் என் வீட்டு முற்றத்தில் அந்தப் புட்டிகளைச் சவர்க்காரம் இட்டு இருமுறை கழுவினோம். நானே ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தேன். என் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. எங்கள் ஊரில் குப்பைத்தொட்டிகளுக்குக் கரடி திறக்க முடியாத பூட்டு உண்டு. கழுவிய நுரையை ஊற்றிவிட்டு, அந்தப் பூட்டைத் திறந்து புட்டிகளிலிருந்து உரித்த காகித உறைகளை உள்ளே எறிந்தவளும் நான்தான். இருபது ஆண்டுகளாக இங்கே வாழும் எனக்கு, அப்போதும் தோன்றவில்லை. கரடியே இல்லாத பாலைவனத்துப் பழக்கத்தை அப்படியே மலைமேல் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

மே மாத இறுதிக்குள் நாற்பதும் மரப்பொந்துகளிலும் பாறையிடுக்குகளிலும் அமர்ந்துவிட்டன. ஜூன் முதல் வாரத்திலேயே வண்டிகள் ஏறி வந்தன. “இங்கே குளிருகிறது, நம்பவே முடியவில்லை” என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருந்ததை வெல்டா எனக்கு மூன்றுமுறை படித்துக்காட்டினாள்.

இரண்டாம் வாரத்தில் புட்டிகள் காணாமற்போகத் தொடங்கின. முதலில் இரண்டு. அது நான்காயிற்று, பிறகு ஏழாயிற்று. ஓரிடத்தில் மூடி மட்டும் கிடந்தது. அதில் ஆழமான கீறல்கள்.

“கத்தியால கீறியிருக்கான்” என்றாள் வெல்டா. “எவன்னு எனக்குத் தெரியும். மூக்கு கோணினவன்.”

டெல்பர்ட் அந்த வாரம் மலைக்கு வந்து கூடாரம் அடித்திருந்ததை ஊரே அறிந்திருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் வெல்டா வண்டியை எடுத்தாள். காணாமற்போன புட்டி ஒன்றுக்கு மாற்றாக வைப்பதற்கு, வேறோர் இடத்திலிருந்து எடுத்துவந்த இரும்புப் பெட்டி ஒன்று பின்னிருக்கையில் இருந்தது. அதன் அருகே ஒரு தடியும் இருந்தது. தடியைப் பார்த்ததும் நானும் ஏறிக்கொண்டேன். தடியை எடுத்து என் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டேன்.

பொண்டரோசாப் பைன் மரங்களுக்கு நடுவே, பதினெட்டாம் பெட்டி இருந்த இடத்தில், டெல்பர்ட் கையில் பச்சைப் புட்டியோடு நின்றிருந்தார்.

“திருட்டு நாயே!” வெல்டா இரும்புப் பெட்டியோடு இறங்கி ஓடினாள். “எத்தன பெட்டிடா எடுத்த? ஏழா, எட்டா?”

“என்ன எடுத்தேன்? தேடிக்கிட்டில்ல இருக்கேன்! நாப்பதையும் தேடி முடிக்கணும்னு லீவு போட்டு வந்திருக்கேன், கெழவி!”

“எதுக்கு? இங்கயும் ஒருத்தன சாவடிக்கவா?”

“உனக்காகத்தான் வந்தேன்! ஒருத்தரும் வரலன்னு நீ அங்க கத்தினியே, அதுக்காக வந்தேன். மூக்கு போனாலும் காது இருக்குல்ல எனக்கு, கேட்டுச்சு!”

வெல்டா அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். அவர் மரத்தில் மோதினார். அவளுடைய கழுத்துப்பட்டையை அவர் பற்றினார். எண்பது அடித் தொலைவில் நின்று, “விடுங்கள், இருவரும் விடுங்கள்!” என்று நான் கூவிக்கொண்டிருந்தபோது, அவர்களுக்குப் பின்னால் புதர் பிளந்தது.

கரடி பெரியதன்று. மழையில்லாத அந்த ஆண்டில் விலா எலும்புகள் தெரிய மெலிந்து, பழுப்பு நிறத்தில் இருந்தது. அது மனிதர்களைப் பார்க்கவில்லை, புட்டியைப் பார்த்தது. ஏழு புட்டிகளைத் திறக்கக் கற்றுக்கொண்ட விலங்கு அது.

“புட்டியைக் கீழே போடுங்கள்!” என்று நான் கத்தினேன்.

டெல்பர்ட் போடவில்லை. இருபது ஆண்டுப் பழக்கம். எடுத்த பெட்டியை எடுத்த இடத்தில்தான் வைக்கவேண்டும். எங்கும் எறியக் கூடாது. அவர் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, பொந்தை நோக்கித் திரும்பினார். கரடி அவருடைய முதுகில் விழுந்தது.

முதல் அறையில் தொப்பியும், தொப்பியோடு தலைத்தோலின் ஒரு பகுதியும் போயின. அவர் அலறியதை என்னால் எழுத இயலாது. கரடி தோளைக் கவ்வி, துணி உலுக்குவதைப் போல உலுக்கியது. இடக்காது இருந்த இடத்தில் இரத்தம் கொப்பளித்தது. அப்போதும் புட்டி அவருடைய வயிற்றுக்கு அடியில்தான் இருந்தது.

வெல்டா ஓடவில்லை. இரும்புப் பெட்டியின் கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேலே ஓங்கி, கரடியின் மூக்கில் இறக்கினாள். அது திரும்பி அவளுடைய முழங்கையைக் கிழித்தது. அவள் மீண்டும் அடித்தாள். பல் உடைந்து தெறித்தது. மாட்டின் தொடையெலும்பைப் பிளக்கும்போது இறைச்சிக்கடையில் அவளுக்கு எழுந்த அதே உறுமல் தொண்டையிலிருந்து வந்தது. ஐந்தாம் அடிக்கோ ஆறாம் அடிக்கோ கரடி பின்வாங்கியது. டெல்பர்ட்டைக் காலால் புரட்டி, அடியிலிருந்த புட்டியைக் கவ்விக்கொண்டு, புதருக்குள் மறைந்தது.

வண்டியை நான் ஓட்டினேன். பின்னிருக்கையில், உரிந்த தலைத்தோலை மடித்து எலும்பின்மேல் போட்டு, நுனியற்ற விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள் வெல்டா. அவளுடைய முழங்கையிலிருந்தும் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

“வெல்டா… தாள்ல பேரு எழுதலயே நான்.”

“வாய மூடு, டெல்பர்ட். ரத்தம் வாய்க்குள்ள போவுது.”

“பதினேழு பெட்டி முடிச்சேன்.”

“மூடுடான்னு சொல்றேன்ல! செத்துத் தொலஞ்ச, கொன்னுருவேன்!”

மூன்றாம் நாள் அந்தக் கரடியைச் சுட்டார்கள். மனிதரைத் தாக்கிய கரடியை விட்டுவைக்கும் வழக்கம் இங்கே இல்லை. அது தாக்கிய விலங்குதானா என்று உறுதிசெய்ய, வயிற்றைத் திறந்தார்கள். தானும் அங்கே இருக்கவேண்டும் என்று வெல்டா கேட்டிருந்தாள். திறந்தவருடைய கத்தி தடுமாறியபோது, “அங்க இல்ல, ரெண்டு அங்குலம் கீழ” என்று அவள்தான் கூறினாள். இரைப்பையிலிருந்து பச்சை வண்ணம் பூசிய பிளாஸ்டிக் துண்டுகள் வந்தன. அவற்றோடு ஒரு காகித உருண்டையும் வந்தது. பெகே அதை இடுக்கியால் விரித்தார். மூன்று பெயர்கள் அழியாமல் இருந்தன.

“இது என்ன?” என்றார் பெகே.

“என்னோட புட்டி” என்றாள் வெல்டா. “கடல வெண்ண புட்டி. நல்லாக் கழுவினேன். நான்தான் வெச்சேன், முப்பத்தொண்ணும் நான்தான்.”

பெகே இடுக்கியைக் கீழே வைத்தார். பிறகு, “கரடிக்குப் பிளாஸ்டிக்குக்குள்ள ஊறின வாசனையும் தெரியும், மிஸஸ் ஸ்டாகெட். எல்லாத்தையும் எடுங்க” என்றார்.

“இரும்புப் பெட்டிய மட்டும் விட்டு வையேன். ஜூலை வருது. கீழ எவனாவது—”

“ஒரு மனுசன் காது போச்சு. ஒரு கரடிய நீங்க கொல்ல வெச்சிட்டீங்க. எடுங்கன்னேன்.”

கட்டுப்போட்ட கையோடு வெல்டா நான்கு நாள்கள் நடந்தாள். மீதமிருந்த இருபத்துமூன்று புட்டிகளையும், ஒன்பது இரும்புப் பெட்டிகளையும் சுமந்து வந்தாள். புட்டிகளை என் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, ஆர்லோவின் சம்மட்டியால் ஒவ்வொன்றாக நொறுக்கினாள். பச்சைச் சில்லுகள் என் சன்னல்வரை தெறித்தன. கடைசிப் புட்டி நொறுங்கிய பிறகும் தரையை அடித்துக்கொண்டே இருந்தாள். நான் போய்ச் சம்மட்டியை வாங்கவேண்டியதாயிற்று.

அந்த ஜூலையில் கீழே இருவர் வெயிலில் மயங்கி விழுந்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள். செய்தி வந்த இரண்டு நாளும் வெல்டா கதவைத் திறக்கவில்லை.

பனி உருகிய பின்பு, மார்ச் மாதத்தில், டெல்பர்ட் வனத்துறை அலுவலகத்துக்கு வந்தார். தலையின் ஒரு பாதியில் முடி இல்லை. இடப்புறம் காது இல்லை. மூக்கோ ஏற்கெனவே கோணல். அவர் வருவதை அறியாமல் வெல்டாவும், பதினொன்றாம் முறையாக அனுமதி கேட்க, என்னோடு அங்கே வந்திருந்தாள்.

“இரும்புப் பெட்டி ஒம்போதையும் கொண்டாந்து மேசைல வை” என்றார் அவர், வணக்கம்கூடச் சொல்லாமல்.

வண்டியிலிருந்து எடுத்துவந்து வைத்தாள்.

“மேடம், நீங்களே பாருங்க. கரடி தின்ன புட்டிக்குப் பக்கத்துலயே இதுல ரெண்டு இருந்துச்சு. ஒரு பல்லு பட்டிருக்கா? நக்கிக்கூடப் பாக்கல. சோறு வெச்ச டப்பா ஒண்ணுகூட மேல வராது. அதுக்கு நான் பொறுப்பு. தப்பு நடந்தா இன்னொரு காதும் இருக்கு, எடுத்துக்குங்க.”

பெகே ஒவ்வொரு பெட்டியையும் புரட்டிப் பார்த்தார். ஒன்றின் மூலை நசுங்கியிருந்தது. “இது?”

“அது கரடி பல்லு இல்ல” என்றாள் வெல்டா. “அது நான் அடிச்சது.”

பெகே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். இரும்பு மட்டும் என்று எழுதி, கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் டெல்பர்ட் மற்றொன்றையும் கூறினார். பாலைவனத்தில் தாம் வைத்திருந்த பெட்டிகள் அனைத்தையும் எடுத்துவிட்டார். மற்றவர்களைத் தடுக்க முடியாது. ஆனால், புதிய பெட்டிகளைச் சரிபார்த்து இணையத்தில் வெளியிடுபவரிடம் சொல்லி, இரும்புப் பெட்டி ஒன்றை வெளியிடாமல் நிறுத்திவைக்கலாம். கீழே எவராவது ஜூலையில் புதிய பெட்டி வைத்தால், அதே நிமிடத்தில் மலைமேலும் ஒன்று வெளிவரும். இரண்டு மணியும் ஒன்றாக அடிக்கும்.

“எது பக்கம் திரும்புறாங்கன்னு பாப்போம்” என்றார்.

“அடுப்பு பக்கந்தான் திரும்புவானுங்க. எனக்குத் தெரியாதா அவனுங்கள?” என்றாள் வெல்டா.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை. கீழே நூற்றுப் பதினைந்து டிகிரி. காலை ஒன்பது மணிக்கு எங்கள் மூவருடைய கைப்பேசிகளும் இருமுறை மணியடித்தன. காப்பர் வாஷில் எவரோ ஒரு பெட்டி. டாலிவர் கிரீக்கில் எங்கள் இரும்புப் பெட்டி. காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில், டெல்பர்ட்டின் மூக்கில் அடித்தபோது நசுங்கிய அதே கெண்டியில் காப்பி வைத்துக்கொண்டு, மடக்கு நாற்காலிகளில் அமர்ந்தோம். பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. வெல்டா தழும்பேறிய முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றுக்குச் சற்று முன்பு இயந்திர ஓசை கேட்டது. வெள்ளை வண்டி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏறி வந்தது. அதன் பின்னாலேயே சிவப்பு வண்டி. இரண்டும் உரசிக்கொண்டே நின்றன. இரண்டிலிருந்தும் நடுத்தர வயதுப் பெண்கள் குதித்து, எங்களைப் பாராமலே மரங்களுக்கிடையே ஓடினார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பெட்டியின்மேல் விழுந்தார்கள்.

“நான்தான் முதல்ல தொட்டேன்!”

“தொட்டா ஆச்சா? எழுதணும்! ஏய், அது என் பேனாடீ!”

முழங்கை ஒன்று வாயில் பட்டது. உதடு கிழிந்தது. ஒருத்தி மற்றவளுடைய முடியைப் பிடித்தாள். பெயரெழுதிய தாளின்மேல் இரத்தத் துளிகள் விழுந்தன. டெல்பர்ட் விலக்கிவிட எழுந்தார். வெல்டா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து அமர்த்தினாள்.

“விடு. அடிச்சுக்கட்டும்.”

பிறகு அந்த உதடு கிழிந்தவளைக் கூவி அழைத்தாள். “ஏம்மா! காப்பர் வாஷுக்கு ஏன் போவல?”

“அங்கயா?” அந்தப் பெண் துப்பினாள். “இதுவும் அதே நிமிஷம் வந்துச்சே. இங்க ஏசி இல்லாம ஓடலாமில்ல?”

மாலைக்குள் பதினோரு வண்டிகள் வந்தன. காப்பர் வாஷ் பெட்டிக்கான இணையப் பக்கத்தில் அன்று ஒருவருடைய பெயரும் ஏறவில்லை. டெல்பர்ட் தம் கைப்பேசியை நீட்டிக் காட்டியபோது, வெல்டா அதை வாங்கி, வெறுமையாக இருந்த அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவருக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றுவதற்காகக் கெண்டியைத் தூக்கினாள்.

டெல்பர்ட் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.